ஒரே நிறுவல் ஸ்கிரிப்ட், மூன்று கணினிகளில் மூன்று விளைவு: வேக்ரன்ட், டாக்கர், போஸ்ட்கிரெஸ்

தொடக்கப் பதிவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் நூற்பட்டியலுக்காக நண்பர்கள் மூவர் சேர்ந்து, வேலை போக மிஞ்சும் நேரத்தில் ஓர் இணையச் செயலியை எழுதி வருகிறோம். நூலகத்தில் உள்ள சேவையகம் டெபியன் என்ற லினக்ஸில் இயங்குகிறது. அதில் கன்டெய்னர் (செயலியை அதற்குத் தேவையானவற்றோடு தனியே அடைத்து ஓட்டும் உறை) எதுவும் கிடையாது. அதனால் அதே அமைப்பை என் கணினியில் உருவாக்குவதற்காக, குறைந்தபட்ச டெபியனை நாங்களே நிறுவி, அதிலிருந்து ஒரு வேக்ரன்ட் பாக்ஸை, அதாவது மெய்நிகர் கணினிகளை எழுப்பும் வேக்ரன்ட் கருவிக்கான மூல வார்ப்பை, செய்துகொண்டேன். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவுதல், தரவுத்தளத்தை உருவாக்குதல், மாதிரித் தரவை ஏற்றுதல் ஆகிய மூன்றையும் ஒரே பாஷ் ஸ்கிரிப்ட் செய்கிறது.

‘வேக்ரன்ட் அப்’ கொடுத்தால் எந்தப் பிழையும் இல்லாமல் எல்லாம் முடிகிறது. ஆனால் நூலின் தலைப்புக்கு 60 எழுத்து என்று எல்லை வைத்திருக்கும் புலத்தில், இருபது எழுத்தைச் சற்றே தாண்டும் தமிழ்த் தலைப்பைக்கூட ‘மிக நீளமானது’ என்று தரவுத்தளம் மறுக்கிறது. ஆங்கிலத் தலைப்புகளில் இந்தச் சிக்கல் இல்லை. குறைந்த நீளமுள்ள தமிழ்த் தலைப்புகள் திரையில் ஒழுங்காகவே தெரிகின்றன.

காரணம் புரியாமல், ஸ்கிரிப்ட் தானாக ஓடுவதை நிறுத்திவிட்டு, புதிய மெய்நிகர் கணினிக்குள் ‘வேக்ரன்ட் எஸ்எஸ்ஹெச்’ வழியாக நுழைந்து, அதே ஸ்கிரிப்டைச் சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) கையால் ஓட்டிப் பார்த்தேன். இம்முறை போஸ்ட்கிரெஸ் நிறுவப்பட்டது, ஆனால் இணைக்க முயன்றால் சேவையகமே இயங்கவில்லை என்கிறது. ஒரே பாக்ஸ், ஒரே ஸ்கிரிப்ட். ஓட்டும் முறையை மாற்றியதற்கு இப்படி வேறு ஒரு பிழை வருவது எனக்கு விளங்கவில்லை.

மற்ற இருவரும் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸ் வைத்திருக்கும் நண்பருக்கு, எங்கள் செயலியின் கன்டெய்னர் தொடங்கும்போதே ‘அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை’ என்று நின்றுவிடுகிறது. இமேஜுக்குள் (கன்டெய்னர் எழும் மூல வார்ப்புக்குள்) பார்த்தால் அந்தத் தொடக்க ஸ்கிரிப்ட் அங்கேயே இருக்கிறது. மேக் வைத்திருக்கும் நண்பருக்கு எல்லாம் ஓடுகிறது, ஆனால் தரவுத்தள ஸ்கிரிப்டில் நாங்கள் சேர்த்த புதிய அட்டவணை அவரிடம் மட்டும் வரவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. நான்கு அறிகுறிகளையும் ஒரே நோயாக எண்ண வேண்டாம். முதல் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஐயம். மற்ற இரண்டும் தனித்தனி.

ஊகத்தில் எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று செய்திகளைத் தாருங்கள். முதலாவது, பிழை வரும் தரவுத்தளத்தில் ‘சர்வர்-என்கோடிங்’ (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்ன என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, ‘அம்மா’ என்ற சொல்லின் நீளத்தை ‘லெங்த்’ சார்பின் மூலம் கேளுங்கள். அதே கேள்வியை மேக் நண்பரின் கன்டெய்னரிலும் கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது, ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘என்வ்’ கட்டளையைச் சேர்த்து, தானாக ஓடும்போது என்ன சூழல் மாறிகள் இருக்கின்றன, கையால் ஓட்டும்போது என்ன இருக்கின்றன என்று இரண்டையும் கோப்பில் சேமித்து ஒப்பிடுங்கள். நிறுவலின் முழு லாகையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்துவிடுங்கள். கடைசி வரி ‘முடிந்தது’ என்று சொல்வதாலேயே இடையில் ஒன்றும் நடக்கவில்லை என்று கொள்ள முடியாது.

மறுமொழி 2

விண்டோஸ் நண்பரின் சிக்கலை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாகக் குழுக்களுக்குக் கன்டெய்னர் அமைத்துக் கொடுப்பவள் என்ற முறையில், இந்த ஒரு பிழைச் செய்தியில் புதியவர்கள் இழக்கும் நேரத்தைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள் உண்டு: கேரேஜ் ரிட்டர்ன், அதைத் தொடர்ந்து லைன் ஃபீட். லினக்ஸில் லைன் ஃபீட் மட்டும்தான். விண்டோஸுக்கான கிட்டை (நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவியை) நிறுவும்போது இயல்பாகத் தேர்வாகியிருக்கும் அமைப்பு, கோப்புகளை எடுத்துத் தரும்போது வரி முடிவுகளை விண்டோஸ் முறைக்கு மாற்றிவிடுகிறது. அந்தக் கோப்பு அப்படியே இமேஜுக்குள் நகலாகிறது. கன்டெய்னர் தொடங்கும்போது லினக்ஸ் கெர்னல் ஸ்கிரிப்டின் முதல் வரியைப் படித்து, எந்த நிரலைக் கொண்டு இதை ஓட்ட வேண்டும் என்று பார்க்கிறது. அங்கே பாஷின் பாதையோடு கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால், அந்தப் பெயரில் ஒரு நிரலைத் தேடுகிறது. அப்படி ஒன்று இல்லை. செய்தியில் ஸ்கிரிப்டின் பெயர் வந்தாலும், உண்மையில் காணாமற்போனது ஸ்கிரிப்ட் அன்று. அதை ஓட்ட வேண்டிய நிரல்தான்.

களஞ்சியத்தின் வேரில் ‘கிட்-ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பை வைத்து, ஷெல் ஸ்கிரிப்டுகள் அனைத்துக்கும் வரி முடிவு லைன் ஃபீடாகவே இருக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். ஆனால் அந்த விதியை எழுதியவுடன், நண்பரின் வட்டில் முன்பே இருக்கும் கோப்புகள் தாமாக மாறிவிடா. அவர் அந்தக் கோப்புகளை அழித்துவிட்டு கிட்டிலிருந்து மீண்டும் எடுக்க வேண்டும்; பிறகு இமேஜை மறுபடி உருவாக்க வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் கிட் அமைப்பை மாற்றிக்கொள்ளட்டும் என்று விடுவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் நாளை நான்காமவர் ஒருவர் சேர்ந்தால் அவரும் இதே பள்ளத்தில் விழுவார்.

மறுமொழி 3

மேலே அம்மையார் கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நாளை அந்த விண்டோஸ் நண்பர் வேக்ரன்டுக்கு மாறினால், ‘என்னிடம் வரி முடிவுச் சிக்கல் இல்லையே’ என்று எண்ணக்கூடும். வேக்ரன்டில் நிறுவல் ஸ்கிரிப்டை ஓட்டும் பகுதியான ஷெல் புரொவிஷனர், தன்னிடம் நேரடியாகக் கொடுக்கப்பட்ட ஸ்கிரிப்டின் வரி முடிவுகளை இயல்பாகவே லினக்ஸ் முறைக்கு மாற்றித்தான் உள்ளே அனுப்புகிறது. ஆனால் அந்த ஸ்கிரிப்ட், பகிர்வு அடைவிலிருந்து வேறொரு ஸ்கிரிப்டை அழைத்தால், அந்த இரண்டாவது கோப்பை வேக்ரன்ட் தொடுவதில்லை. முதல் ஸ்கிரிப்ட் ஓடி, இரண்டாவது நின்றால், பலர் பகிர்வு அடைவையே குற்றம் சொல்லத் தொடங்குவார்கள். ஆகவே கிட்-ஆட்ரிபியூட்ஸ் விதி இரு வழிக்கும் தேவை.

இழையைத் தொடங்கியவர்

மூவருக்கும் நன்றி. விண்டோஸ் நண்பரின் கன்டெய்னர் இப்போது தொடங்குகிறது. நீங்கள் சொன்னதுபோல், விதியை எழுதிய பிறகு கோப்புகளை மீண்டும் எடுக்கும் வரை மாற்றம் தெரியவில்லை.

கேட்ட செய்திகள் இவை. தானாக ஓடிய மெய்நிகர் கணினியில் சர்வர்-என்கோடிங் ‘எஸ்க்யூஎல் ஆஸ்கி’ என்று வருகிறது. ‘அம்மா’ என்பதன் நீளம் 15. மேக் நண்பரின் கன்டெய்னரில், அதாவது போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ இமேஜில், என்கோடிங் யூடிஎஃப்-8, நீளம் 5. கண்ணால் எண்ணினால் மூன்று எழுத்துதான், இரண்டு விடையும் எனக்கு வியப்பாகவே இருந்தன.

சூழல் மாறிகளை ஒப்பிட்டேன். தானாக ஓடும்போது ‘லேங்’ என்ற மாறியே இல்லை. கையால் ஓட்டும்போது அது இருக்கிறது, அதில் இந்தியத் தமிழுக்கான லொக்கேல் (மொழி, எழுத்து முறை பற்றிய அமைப்பு) குறிக்கப்பட்டிருக்கிறது. என் கணினியில் உபுண்டுவைத் தமிழில் வைத்திருக்கிறேன். ஆனால் மெய்நிகர் கணினிக்குள் நான் அப்படி எதையும் அமைக்கவில்லை. கையால் ஓட்டிய லாகின் நடுவில், சூழல் கேட்கும் லொக்கேல் செல்லாது என்றும், இயல்பான கிளஸ்டரை (சேவையகம் தன் தரவுத்தளங்களை வைக்கும் தொகுப்பை) உருவாக்க முடியவில்லை, நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள் என்றும் இரண்டு வரிகள் இருந்தன. அவற்றுக்குப் பிறகு நிறுவல் தொடர்ந்து, முடிந்தும்விட்டதால், நான் அவற்றைப் பார்க்கவே இல்லை.

மறுமொழி 4

நண்பரே, உங்கள் முதல் இரண்டு சிக்கலுக்குமான விடை இந்தச் செய்திகளிலேயே இருக்கிறது. சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் தமிழ்த் தரவோடு வேலை செய்யும் எவருக்கும் இது ஒருநாள் வரும்.

முதலில் அந்த 3, 5, 15. ‘அம்மா’ என்பதில் நாம் காணும் எழுத்துகள் அ, ம், மா ஆகிய மூன்று. யூனிகோடில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து குறிகள். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் மொத்தம் 15. எஸ்க்யூஎல் ஆஸ்கி என்பது உண்மையில் ஓர் எழுத்து முறை அன்று. ‘வருகிற பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்கிறேன், அவற்றின் பொருள் எனக்குத் தெரியாது’ என்ற நிலை அது. ஆகவே எழுத்து எல்லை 60 என்று நீங்கள் எழுதியதை அது 60 பைட் என்று எடுத்துக்கொள்கிறது. இருபது குறிகளில் அந்த இடம் நிரம்பிவிடுகிறது. திரையில் தமிழ் சரியாகத் தெரிவதற்குக் காரணம், போன பைட்டுகள் மாறாமல் திரும்பி வருவது மட்டுமே.

இந்த நிலை எப்படி வந்தது? டெபியனில் போஸ்ட்கிரெஸ் பொதியை நிறுவும்போது, அது ஒரு கிளஸ்டரையும் தானே உருவாக்குகிறது. என்ன எழுத்து முறையில் உருவாக்குவது என்பதை அந்த நேரத்து லொக்கேலைப் பார்த்து முடிவு செய்கிறது. உங்கள் பாக்ஸ் குறைந்தபட்ச நிறுவல் என்பதால் அதில் லொக்கேல் எதுவும் குறிக்கப்படவில்லை. எதுவும் இல்லையென்றால் ‘சி’ லொக்கேல். ‘சி’ என்றால் எஸ்க்யூஎல் ஆஸ்கி. இது பிழையே அன்று என்பதால் லாகிலும் எதுவும் வராது.

கையால் ஓட்டியபோது நடந்தது வேறு. உபுண்டுவின் எஸ்எஸ்ஹெச் கிளையன்ட், லேங் மாறியையும் எல்சி என்று தொடங்கும் மாறிகளையும் மறுமுனைக்கு அனுப்பும்படி இயல்பாகவே அமைக்கப்பட்டுள்ளது; டெபியனின் எஸ்எஸ்ஹெச் சேவையகம் அவற்றை ஏற்றுக்கொள்ளும்படி அமைக்கப்பட்டுள்ளது; சூடோவும் அவற்றைக் கழித்துவிடுவதில்லை. இவ்வாறு உங்கள் கணினியின் தமிழ் லொக்கேல் மூன்று வாசல்களைக் கடந்து மெய்நிகர் கணினிக்குள் போய்விட்டது. அங்கே அந்த லொக்கேல் உருவாக்கப்படவில்லை என்பதால் கிளஸ்டர் உருவாகவில்லை. ‘வேக்ரன்ட் எஸ்எஸ்ஹெச்’ உங்கள் கணினியில் உள்ள எஸ்எஸ்ஹெச் நிரலையே அழைக்கிறது. ஆனால் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும்போது வேக்ரன்ட் தன்னுடைய ரூபி நூலகத்தின் வழியாக இணைகிறது. அதனால்தான் ஒரே ஸ்கிரிப்ட் இரு சூழல்களில் ஓடியிருக்கிறது.

தீர்வு சிறியது. ஸ்கிரிப்டில், பொதிகளை நிறுவும் ஆப்ட்-கெட் வரும் முதல் வரிக்கு முன்பே, லேங், எல்சி-ஆல் ஆகிய இரண்டையும் ‘சி.யூடிஎஃப்-8’ என்று எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். டெபியனில் அந்த லொக்கேல் எதையும் கூடுதலாக நிறுவாமலே இருக்கிறது. எல்சி-ஆல் மற்ற எல்சி மாறிகளையும் லேங்கையும் மீறி நிற்பதால், வெளியிலிருந்து எது நுழைந்தாலும் கவலையில்லை.

மறுமொழி 5

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. அதிகாரபூர்வ இமேஜில் எல்லாம் சரியாக இருக்கும்போது, வேக்ரன்டை விட்டுவிட்டு மூவரும் டாக்கருக்கே மாறிவிடலாமே? மெய்நிகர் கணினியை எழுப்பிக் காத்திருக்கும் நேரமும் மிஞ்சும்.

மறுமொழி 4

மதிப்பிற்குரிய நண்பருக்கு, மாறுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கருவி மாறியதால் இது சரியானது என்று கொள்வது தவறாகும். அதிகாரபூர்வ இமேஜை உருவாக்கியவர்கள் தங்கள் டாக்கர்ஃபைலிலேயே லேங் மாறியை யூடிஎஃப்-8 லொக்கேலாக வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அங்கே நீளம் 5. நாமே டெபியனின் அடிப்படை இமேஜை எடுத்து, அதற்குள் ஆப்ட்-கெட் கொண்டு போஸ்ட்கிரெஸை நிறுவினால், அங்கும் லேங் இருக்காது, அங்கும் எஸ்க்யூஎல் ஆஸ்கிதான் வரும். ஸ்கிரிப்ட் தான் சாய்ந்து நிற்கும் ஒவ்வொன்றையும், லொக்கேலோ பயனரோ அடைவோ, தானே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் சூழலிலிருந்து எடுத்துக்கொள்ளும்; சூழல் ஆளுக்கு ஆள் வேறுபடும். மேலும் நூலகத்தின் உண்மையான சேவையகத்தில் கன்டெய்னர் இல்லை என்று இழையின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார். அந்த அமைப்பை ஒத்த ஓர் இடத்தில் சோதிக்க விரும்புவது நியாயமானதே.

மறுமொழி 1

காரணம் கிடைத்துவிட்டது, இனி, ஏன் இது இத்தனை நாள் மறைந்திருந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். உங்கள் ஸ்கிரிப்டில் ‘செட்’ கட்டளையுடன், பிழை வந்தவுடன் நிறுத்தும் ‘இ’ விருப்பம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அது இதைப் பிடித்திருக்காது. கிளஸ்டர் உருவாகவில்லை என்பதைப் பொதி ஓர் அறிவிப்பாக மட்டும் சொல்லிவிட்டு, வெற்றி என்றே முடிகிறது. ஆப்ட்-கெட்டும் வெற்றியைக் குறிக்கும் பூஜ்யத்தையே திருப்பித் தருகிறது. ஆகவே நிறுவிய பிறகு, நிறுவப்பட்டது உண்மையில் இயங்குகிறதா என்று ஸ்கிரிப்டே கேட்க வேண்டும். ‘பிஜி-இஸ்ரெடி’ மூலம் சேவையகம் பதிலளிக்கிறதா என்று பாருங்கள். பிறகு சர்வர்-என்கோடிங் யூடிஎஃப்-8 இல்லையென்றால், காரணத்தைத் தெளிவாக அச்சிட்டு, பிழைக் குறியோடு நிறுத்துங்கள். நான்கு வரிதான்.

லாகைச் சேமிப்பதற்காக ஸ்கிரிப்டின் கட்டளைகளை ‘டீ’க்குக் குழாய் வழியாக அனுப்புகிறீர்களா என்றும் பாருங்கள். அப்படியானால் ‘பைப்ஃபெயில்’ விருப்பம் இல்லாதவரை, இடப்பக்கக் கட்டளை தோற்றாலும் டீயின் வெற்றிதான் பாஷுக்குத் தெரியும்.

இழையைத் தொடங்கியவர்

இரண்டு எக்ஸ்போர்ட் வரிகளையும் சோதனை வரிகளையும் சேர்த்தேன். ஆனால் ‘வேக்ரன்ட் ஹால்ட்’ கொடுத்து மீண்டும் ‘வேக்ரன்ட் அப்’ கொடுத்தால், நீளம் இன்னும் 15 என்றே வருகிறது. சோதனை வரிகளும் நிறுத்தவில்லை. மாற்றம் எங்கே போனது?

மறுமொழி 2

மாற்றம் ஓடவே இல்லை. வேக்ரன்ட், மெய்நிகர் கணினியை முதன்முறை உருவாக்கும்போது மட்டுமே நிறுவல் ஸ்கிரிப்டை ஓட்டும். பிறகு எத்தனை முறை எழுப்பினாலும், ‘வேக்ரன்ட் புரொவிஷன்’ என்று தனியாகச் சொன்னால் ஒழிய, அதைத் தொடாது. உங்கள் நிலையில் அதுவும் போதாது, ஏனெனில் கிளஸ்டர் முன்பே உருவாகிவிட்டது. அதன் எழுத்து முறையைப் பிறகு மாற்ற முடியாது. மாதிரித் தரவு மட்டுமே இருப்பதால், மெய்நிகர் கணினியை அழித்துவிட்டுப் புதிதாக எழுப்புவதே நேர்வழி.

உங்கள் மேக் நண்பரின் சிக்கலும் இதற்கு அக்காள் தங்கை முறைதான். போஸ்ட்கிரெஸ் இமேஜில் தொடக்க ஸ்கிரிப்டுகளுக்கென்று ஓர் அடைவு உண்டு அல்லவா? அதில் உள்ளவை, தரவு அடைவு காலியாக இருக்கும்போது மட்டுமே ஓடும். ‘டாக்கர் கம்போஸ் டவுன்’ கொடுத்தால் கன்டெய்னர் போய்விடும், ஆனால் தரவை வைத்திருக்கும் பெயரிட்ட வால்யூம் இருந்துகொண்டே இருக்கும். பழைய வால்யூமோடு புதிய கன்டெய்னர் எழும்போது, தரவு இருக்கிறது என்று கண்டு, உங்கள் புதிய அட்டவணையைப் பற்றி அது கேட்பதே இல்லை. வால்யூமையும் சேர்த்து அழிக்கும் ‘வி’ விருப்பத்தோடு ஒருமுறை இறக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், அவர் அதில் கையால் ஏற்றிய தரவு ஏதும் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், அழித்தால் திரும்பாது.

ஸ்கிரிப்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து ஒருமுறை, ஓடி முடித்த நிலையின் மேல் மறுமுறை என இரண்டு தடவை ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தை எங்கள் குழுவில் கட்டாயமாக வைத்திருக்கிறோம். இரண்டாவது ஓட்டத்தில்தான் ‘இந்தப் பெயரில் பயனர் முன்பே இருக்கிறார்’ என்பன போன்ற பிழைகள் வெளிப்படும்.

மறுமொழி 3

நூற்பட்டியல் என்பதால் ஒரு சிறு குறிப்பு. சி.யூடிஎஃப்-8 லொக்கேலில் வரிசைப்படுத்தல் யூனிகோட் எண்ணின்படி நடக்கும். அதில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்பே வந்துவிடும். றகரம் ரகரத்தை அடுத்து நிற்கும். ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் புகுந்துவிடும். நூலகத்துக்கு வருபவர் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற வரிசையில் தேடுவார். போஸ்ட்கிரெஸ் பத்தாம் பதிப்பிலிருந்து ஐசியூ (யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் நூலகம்) வழியான வரிசை முறையை ஏற்கிறது. தமிழுக்கான ஐசியூ கொலேஷனை (வரிசை விதியை) தலைப்புப் புலத்துக்கு அமைத்துக்கொண்டால், இயக்க முறைமையின் லொக்கேலைச் சாராமல் மூன்று கணினிகளிலும் ஒரே வரிசை வரும். அதற்கும் எழுத்து முறை யூடிஎஃப்-8 ஆக இருந்தாக வேண்டும். எஸ்க்யூஎல் ஆஸ்கியில் ஐசியூ இயங்காது.

இழையைத் தொடங்கியவர்

அழித்துப் புதிதாக எழுப்பினேன். தானாக ஓட்டினாலும், கையால் ஓட்டினாலும் இப்போது நீளம் 5. மேக் நண்பரிடம் புதிய அட்டவணை வந்துவிட்டது. கொலேஷனையும் சேர்த்துவிட்டோம், பட்டியல் இப்போது அகராதி வரிசையில் வருகிறது.

இதற்கிடையில் ஒரு எண்ணம் உறுத்தியதால், நேற்று நூலகத்துக்குச் சென்று அங்குள்ள சேவையகத்திலும் அதே கேள்வியைக் கேட்டேன். அங்கும் எஸ்க்யூஎல் ஆஸ்கி. பழைய செயலியில் தலைப்புப் புலத்துக்கு நீள எல்லை இல்லாததால் இத்தனை ஆண்டும் யாருக்கும் தெரியவில்லை. அது உண்மையான தரவு, அழிக்க முடியாது. எப்படி மாற்றுவது?

மறுமொழி 4

நல்ல வேளை, இப்போதே பார்த்தீர்கள். அந்தத் தரவுத்தளத்தைத் தொடாமல், ‘பிஜி-டம்ப்’ மூலம் ஒரு நகல் எடுங்கள். அந்தக் கோப்பை ‘ஐகான்வ்’ நிரலுக்குக் கொடுத்து, யூடிஎஃப்-8 இலிருந்து யூடிஎஃப்-8 க்கே மாற்றச் சொல்லுங்கள். முழுவதும் முறையான யூடிஎஃப்-8 என்றால் அமைதியாக முடியும். இல்லையென்றால் முதல் தவறான பைட்டின் இடத்தைச் சொல்லி நிற்கும். குறையின்றி முடிந்தால், புதிய யூடிஎஃப்-8 தரவுத்தளத்தை ‘டெம்ப்ளேட்-பூஜ்யம்’ என்ற மூலத்திலிருந்து உருவாக்கி, உங்கள் மெய்நிகர் கணினியிலேயே முதலில் ஏற்றிப் பாருங்கள். நீங்கள் பாடுபட்டு அமைத்த மெய்நிகர் கணினியின் முழுப் பயனும் இந்த ஒத்திகையில்தான் இருக்கிறது.

இழையைத் தொடங்கியவர்

ஐகான்வ் இடையில் நின்றது. நின்ற இடத்தைப் பார்த்தால், தலைப்புக்குப் பதிலாகக் குழம்பிய குறிகள். நூலகரிடம் கேட்டபோது, மிகப் பழைய பதிவுகள் சிலவற்றைத் தட்டச்சு செய்தவர் தஸ்கி (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்து முறை) எழுத்துரு பயன்படுத்தியதாக அவருக்கு நினைவிருந்தது. பழைய தரவுத்தளம் பைட்டுகளின் பொருளைக் கேட்காததால் அவற்றையும் அப்படியே உள்ளே விட்டிருக்கிறது. லினக்ஸின் ஐகான்வ் தஸ்கியையும் அறிந்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். அந்த வரிகளை மட்டும் தனியே பிரித்து, தஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8 க்கு மாற்றி, ஒவ்வொரு தலைப்பையும் அலமாரியில் உள்ள நூலோடு நூலகரும் நானும் ஒப்பிட்டுப் பார்த்தோம். இன்று மாலை முழுக் கோப்பும் மெய்நிகர் கணினியில் பிழையின்றி ஏறியது. ஞாயிறன்று நூலகம் மூடிய பிறகு சேவையகத்தில் ஏற்றவிருக்கிறோம். பழைய டம்ப் கோப்பின் இரண்டு நகல்கள் தனித்தனி வட்டுகளில் இருக்கின்றன.